பன்னிரண்டு பேருக்கு ஒரே தோள்

1

சென்ற மாதம் எனக்கு ஒரு விருது கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து குமட்டிக்கொண்டு வருகிறது.

விருது என்றால் ஊரில் கொடுப்பதுபோல சால்வையும் கேடயமும் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீல ரிப்பன், அதன்மேல் ‘சிறந்த அக்கால உடை’ என்று தங்க எழுத்து. தொட முடியாது, சுவரில் மாட்ட முடியாது. கொல்லிமலைப் பெண்கள் அந்தக் காலத்தில் சேலை கட்டிய விதத்தை அச்சு அசலாகச் செய்து காட்டியதற்காகக் கொடுத்தார்கள். பெருமைப்பட வேண்டிய சேதிதானே என்று கேட்பீர்கள். முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது என் நங்கையிடம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு மலையில் எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். அண்ணன் போனை எடுத்தால் ‘ம்’ என்பார், ‘செரி’ என்பார், நங்கையிடம் கொடுத்துவிடுவார். எங்கள் ஊர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டில் மிளகு காய்ந்ததா, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்ற லாரி வந்ததா, யார் வீட்டில் யாருக்கு என்ன என்று எனக்குத் தெரிவதெல்லாம் நங்கை வாயால்தான். நான் செய்த காரியம் தெரிந்தால் அவர் என்னோடு பழையபடி பேசுவாரா என்ற பயத்திலேயே மூன்று வாரம் ஓட்டினேன்.

2

நாங்கள் இருப்பது கனடாவின் நடுவில், பார்த்த இடமெல்லாம் தட்டையாகக் கிடக்கும் ஒரு மாகாணத்தில், ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இங்கேயும் அதே வேலைதான், கண்ணுக்குப் போடும் கண்ணாடி மட்டும் நல்ல கண்ணாடி. வந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

நான் ஒரு சலவைக் கடையின் மூலையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறேன். பேன்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. ஜிப் மாற்றுவதைப் பற்றி விவரமாக எழுதப் பிடிக்கவில்லை. துவைக்காமலே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டே சிரிப்பது எப்படி என்று என்னிடம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளைப் பையன் கல்யாணக் கோட்டை எடுத்துக்கொண்டு அவசரமாக வந்தான். ‘நாளைக்கு வா, முடித்துத் தருகிறேன்’ என்று சொல்ல நினைத்து, ‘நாளைக்கு வா, உன்னை முடித்துவிடுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவன் கோட்டை வாங்க வரவே இல்லை, அவனுடைய அம்மாதான் வந்தார். அன்றிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அக்கம்பக்கம் என்று எடுத்துக்கொண்டால், இடது வீட்டுக்காரர் பனி அள்ளும்போது கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். பதினான்கு வருஷமாக எங்கள் உறவு அந்தக் கை அளவில் நிற்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

ஒரே மகள், மதி. இங்கே வரும்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அவரவர் பாரம்பரிய உடையில் வரச் சொன்னார்கள். மதி வாடகைக்கு எடுத்த பரதநாட்டிய உடையில் போய் நின்றாள். எங்கள் மலையில் ஏழு தலைமுறையில் யாரும் ஆடாத ஆட்டம் அது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். நான் பத்து வரி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும்.

அந்த மதிதான் மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்கு கர்ப்பப்பை எடுத்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபோது, “இதைப் பாரும்மா, உனக்குப் பிடிக்கும்” என்று லேப்டாப்பில் அந்த உலகத்தைத் திறந்து கொடுத்தாள்.

3

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது விளையாட்டு என்றும் சொல்ல முடியாது. சுட வேண்டாம், ஓட வேண்டாம், ஜெயிக்க வேண்டாம். திரைக்குள் ஓர் ஊர் இருக்கிறது. நமக்கென்று ஒரு பொம்மை செய்துகொண்டு அதற்குள் நடமாடலாம், வீடு கட்டலாம், பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதை பேசலாம். அவரவர் விருப்பப்படி ஆயிரம் ஊர்கள் அதற்குள் இருக்கின்றன. நான் போய்ச் சேர்ந்தது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துத் தெரு ஒன்று. அங்கே குடியிருப்பவர்கள் அந்தக் காலத்து உடையில்தான் நடமாட வேண்டும், அது தெருவின் சட்டம்.

உடைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிப் பேர் போட்டிருந்தது துணி மாதிரியே இல்லை, தகரம் மாதிரி இருந்தது. மடிப்பு விழ வேண்டிய இடத்தில் மடிப்பு இல்லை. நான் நாமக்கல்லில் தையல் வகுப்பு முடித்தவள். துணி எங்கே தொங்கும், எங்கே இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். படுத்த படுக்கையில் பொம்மைகளுக்கு உடை செய்யும் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். இங்குள்ள நூலகத்தில் பழைய வெட்டுமுறைப் புத்தகங்கள் எடுத்துவந்து பார்த்தேன். நிஜத் துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் படம் எடுத்து, அதைப் பொம்மையின் உடைமேல் ஒட்டினேன். பின்புறம் கூடை வைத்துத் தூக்கிக் கட்டிய பட்டுப் பாவாடை, எலும்பு வைத்த இடுப்புக் கச்சு, கழுத்து வரை பொத்தான் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒரே வருஷத்தில் அந்தத் தெருவுக்கு நான்தான் தையல்காரி.

பெயர் மேடம் ஃப்ளோரா. வெள்ளைத் தோல், செம்பட்டை முடி. மதி எனக்கு முதலில் செய்து கொடுத்தது மாநிறப் பொம்மைதான். அதோடு தெருவில் நடந்த முதல் நாளே ஒரு கனவான், ‘எந்த வீட்டில் வேலை பார்க்கிறாய்?’ என்று எழுதினார். மறுநாள் தோலை மாற்றிவிட்டேன். பத்து நொடி வேலை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் சீமாட்டி அகஸ்டா. நிஜத்தில் இங்கிலாந்தில் எங்கோ கடற்கரை ஊரில் தனியாக இருக்கும், இடுப்பு எலும்பு தேய்ந்த, பள்ளிக்கூடக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கிழவி. நான் படுத்திருந்த ஆறு வாரமும் தினம் மத்தியானம் என் திண்டாட்டத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தையல் வலிக்கிறதா, ஏதாவது சாப்பிட்டாயா, நடந்தாயா என்று கேட்பார். இடது வீட்டுக்காரர் பதினான்கு வருஷத்தில் கேட்காததை அவர் பதினான்கு நாளில் கேட்டார். அவரைப் பற்றி இனி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் மறக்க வேண்டாம்.

எதிர்வீட்டில் கர்னல். நிஜத்தில் அமெரிக்காவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. மீசையும் சரித்திரமும்தான் அவருக்கு உயிர். இவர்களோடு மூன்று வருஷம் பேசினேன், பழகினேன், சண்டை போட்டேன். ஒருவரிடமும் நான் எந்த ஊர் என்று சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை, மேடம் ஃப்ளோரா பிரான்ஸிலிருந்து வந்தவள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

4

தெரு தொடங்கிய ஆண்டுவிழா வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். இந்த முறை கர்னல், ‘இந்திய மலை வாசஸ்தலம்’ என்றார். பங்களா, பனிமூட்டம், வராந்தாவில் தேநீர். எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

‘மலைவாசிகள் வேண்டுமே, நம்மைத் தூக்கிக்கொண்டு போக’ என்றார் ஒருவர். அந்தக் காலத்தில் துரைமார்களை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தோளில் சுமந்து மலையேற்றுவார்களாம். இங்கே மலைப்பெண்கள் சுமக்கட்டும் என்றார்கள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தச் சுமைகாரிகளாக நிற்பது என்று முடிவாயிற்று. அவர்களுக்கு உடை மேடம் ஃப்ளோரா.

மாதிரிக்கு யாரோ ஒரு படம் போட்டார்கள். இலை தழையும் எலும்பு மாலையும் கட்டிக்கொண்ட ஒன்று. எனக்கு எரிந்தது. எங்கள் அம்மா அப்படியா இருந்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் மேடம் ஃப்ளோரா செத்திருப்பாள். என் மத்தியானங்கள் போயிருக்கும். அதனால் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். எப்படியும் செய்யத்தான் போகிறார்கள், தப்பாகச் செய்வதற்குச் சரியாக நானே செய்து கொடுத்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திருட்டுத்தனத்துக்கு எப்போதும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும்.

எங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் ரவிக்கை போட்டதில்லை. சேலையை அக்குளுக்குக் கீழே சுற்றி, தோளில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். அந்த முடிச்சின் நிழல் தோளில் எப்படி விழும் என்று எனக்கு நினைவில்லை. காலை ஏழு மணிக்கு நங்கையை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாயும் நேரம்.

“ஏனுங்க நங்கை, சும்மாதான இருக்கறீங்க?”

“எங்க கண்ணு சும்மா இருக்கறது? மொளகு காயப் போட்டிருந்தேன், மழ வர்ற மாதிரி இருக்குதுன்னு இப்பத்தான் வாரி வெச்சேன். சொல்லு.”

“அம்மா கட்டுமே, அந்த மாதிரி சேலை கட்டிக் காட்டுங்க. ரவிக்கை இல்லாம, தோள்ல முடிச்சுப் போட்டு.”

நங்கை சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. ஸ்கூட்டியில் மிளகு மூட்டையை வைத்துக்கொண்டு பேளுக்குறிச்சி சந்தை வரை போய் வருகிறவர் அவர்.

“கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? நானே நைட்டியப் போட்டுத் துண்டப் போத்தீட்டுத் திரியறேன்.”

“ஒரு போட்டிங்க நங்கை. அந்தக் காலத்துத் துணி டிசைன் போட்டி.”

“செயிச்சா என்ன தருவாங்க?”

“ரிப்பனுங்க.”

“அடப் போ அம்முணி. ஒரு ரிப்பனுக்கா நான் ரவிக்கையக் கழட்டிப்போட்டு நிக்கோணும்?”

ஆனாலும் நின்றார். எனக்காகத்தான். கதவைச் சாத்தி, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிப் பார்த்தார். இரண்டு முறை முடிச்சு நழுவியது. மூன்றாவது முறை ஞாபகம் வந்துவிட்டது.

“இந்தக் கையத் தூக்கிக்கிட்டே முடியோணும் அம்முணி. கைய எறக்கீட்டு முடிஞ்சா நடக்கறப்ப அவுந்துக்கும். அத்தை வெறகுக் கட்டத் தூக்கீட்டு அத்தன மேடு ஏறுவாங்க, ஒருநாளும் அவுந்து நான் பாத்ததில்ல.”

இந்த ஒரு நுணுக்கத்துக்காகத்தான் எனக்கு ரிப்பன் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கையைத் தூக்கு, திரும்பு, வெளிச்சத்துக்கு வா என்று நான் சொல்லச் சொல்ல நங்கை திரும்பினார். ஒவ்வொன்றையும் படம் பிடித்தேன்.

“மூஞ்சி வரப்படாது, பாத்துக்க. உங்கொண்ணனுக்கும் தெரியப்படாது.”

“வராதுங்க நங்கை” என்றேன். அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

5

விழா சனிக்கிழமை மத்தியானம். பனிமூட்டமும் கொண்டை ஊசி வளைவுகளுமாகக் கர்னல் ஒரு மலையே கட்டியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் மூன்று நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர், ஆகமொத்தம் பன்னிரண்டு சுமைகாரிகள் நான் செய்த சேலையில் நின்றார்கள்.

முதல் நாற்காலியில் சீமாட்டி, இரண்டாவதில் கர்னல். மூன்றாவதில் கௌரவ விருந்தாளி மேடம் ஃப்ளோரா. ஏறி உட்கார்ந்தேன். பச்சைப் பட்டுப் பாவாடை, இறகு வைத்த தொப்பி. தூக்கினார்கள்.

முன்னால் தூக்கிய பொம்மையின் தோள் என் கண்ணுக்கு நேரே இருந்தது. முடிச்சுக்குக் கீழே, இடது கையில், புளியங்கொட்டை அளவில் ஒரு தடுப்பூசித் தழும்பு. நங்கையின் தழும்பு.

நடந்தது இதுதான். முடிச்சின் நிழலைத் துணியோடு மட்டும் வெட்டி எடுத்தால் உயிரில்லாமல் இருந்தது. அதனால் தோளையும் சேர்த்து வெட்டி உடைமேல் ஒட்டியிருந்தேன். தழும்பை அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய தழும்பு. அவர் இட்லி ஊற்றும்போதும் துணி பிழியும்போதும் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாமலே போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் தூக்கிய பொம்மைக்கும் அதே தழும்பு. முன்னே போகிற நாற்காலிகளைத் தூக்கியவர்களுக்கும் அதே தழும்பு. பன்னிரண்டு பேருக்கும் நங்கையின் ஒரே தோள்.

அதோடு முடிந்திருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். கர்னல் கொஞ்சம் கைவேலை செய்திருந்தார். நங்கையின் நிறம் அவருக்குப் போதவில்லை, கரியைக் குழைத்துப் பூசியதுபோல இன்னும் கறுப்பாக்கியிருந்தார். கைநிறையப் பச்சை குத்தியிருந்தார். தழும்பைப் பார்த்திருக்கிறார், அது என்னவென்று புரியவில்லை போலிருக்கிறது. அதைச் சுற்றி இதழ் இதழாகப் புள்ளி வைத்துப் பூவாக்கியிருந்தார்.

‘பயப்படாதீர்கள் பெண்களே, இந்தப் பிராணிகளுக்கு மூச்சு வாங்காது’ என்று எழுதினார் கர்னல். எல்லாரும் சிரித்தார்கள்.

நாற்காலியிலிருந்து இறங்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. உச்சிக்குப் போனோம், ரிப்பன் கொடுத்தார்கள். ‘மிக்க நன்றி, எல்லாம் உங்கள் அன்பு’ என்று நான்தான் எழுதினேன், என் பத்து விரலாலும்.

6

பச்சை குத்துவது எங்கள் மலையில் ஆகாது. அம்மா காலத்தில் கீழே போய்க் குத்திக்கொண்டு வந்தவளை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். இப்போது காலேஜ் பிள்ளைகள் கழுத்தில் டாட்டூ போட்டுக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காலம் மாறிவிட்டது, மாறட்டும். என்னை உறுத்தியது அது அல்ல.

எனக்குப் பதினெட்டு வயதில் ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்க சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. எங்கள் சாதியின் பெயர் மலையாளி. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் சொன்னால் உடனே கேரளாவில் எந்த ஊர் என்பார்கள், அது தனிக் கூத்து. அந்த வருஷம் மலைக்கு மாற்றலாகி வந்திருந்த ஓர் அதிகாரி, நாங்கள் நிஜமாகவே மலை ஜனம்தானா என்று விசாரிக்க வேண்டும் என்றார். மேஜைமேல் ஏதோ பழைய புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்த சில பக்கங்களை வைத்திருந்தார். அம்மாவும் நானும் நின்றோம்.

“உங்க ஆளுங்க பச்சை குத்த மாட்டாங்கன்னு இதுல போட்டிருக்கு. எங்க, கையைக் காட்டும்மா.”

அம்மா இரண்டு கையையும் நீட்டினாள்.

“மேல. இன்னும் மேல. திரும்பு.”

அம்மா துணியை விலக்கித் தோள் வரை காட்டித் திரும்பினாள். இரண்டு கிளார்க்கும் ஒரு பியூனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாவால் ஏதோ டிக் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தண்ணீர் காயவைத்து, தேய்த்துத் தேய்த்து வெகுநேரம் குளித்தாள். அந்த அதிகாரியை நான் முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கனடாவில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பூர்வீகம் கேட்டு ஒரு சதுரம் இருக்கும். தெற்காசியா என்று ஒரு கோடு போட்டால் முடிந்தது, யாரும் தோளைக் காட்டச் சொல்வதில்லை. கௌரவமான தேசம் என்று நானே ஊரில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அந்தத் தேசத்தில் குளிருக்கு அடக்கமாக உட்கார்ந்துகொண்டு, கையைத் தூக்கு, திரும்பு, வெளிச்சத்துக்கு வா என்று நங்கையிடம் சொன்னது நான். அதிகாரிக்காவது அது உத்தியோகம். எனக்கு ரிப்பன்.

7

மறுநாள் சீமாட்டியின் வீட்டுக்குப் போனேன். பச்சையை எடுக்கச் சொல்லுங்கள், அந்த மலைக்காரர்கள் பச்சை குத்துவதில்லை என்று எழுதினேன்.

‘உனக்கெப்படித் தெரியும் ஃப்ளோரா? கர்னல் நிறையப் படித்தவர்.’

‘நான் அந்த மலைக்காரி.’

பதில் கடகடவென்று வந்தது. ‘அடடா, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை! எவ்வளவு சந்தோஷம்! உன் அம்மா உயிரோடு இருக்கிறாரா? அடுத்த வருஷம் அந்தப் பெண்களுக்கெல்லாம் நீயே தலைவியாக நில், அசலாக இருக்கும்!’

கேலி செய்யவில்லை. முழு அன்போடுதான் எழுதினார். கேலி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அன்பை என்ன செய்வது? ‘கர்னல் வேடிக்கையாகச் செய்தது, மனதில் வைத்துக்கொள்ளாதே’ என்று கடைசியில் ஒரு பூங்கொத்துப் படம் வேறு.

மதிக்கு போன் செய்தேன். பாதி கேட்பதற்குள், “அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கேம். ரிப்போர்ட் பண்ணிடு” என்றாள். நங்கையின் தோள் என்றேன். “எந்த ஆன்ட்டி?” என்றாள். அவள் பிறந்தபோது மூன்று மாதம் குளிப்பாட்டியவர் நங்கை.

புகார் படிவம் ஆறு பக்கம். உங்கள் உடைமை எது, உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம், பாதிக்கப்பட்டவர் நீங்களா, இல்லையென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் எங்கே. ஊரில் பார்த்த அலுவலகத்தில் ஜெராக்ஸ் வாசமாவது இருந்தது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘இந்த உடையைச் செய்தவர் மேடம் ஃப்ளோரா. யாரும் வைத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்திருப்பவரும் மேடம் ஃப்ளோரா. ஆகவே விதிமீறல் எதுவும் இல்லை.’ உண்மைதான். அவரவர் பொம்மையின் பருமனுக்குத் தளர்த்திக்கொள்ளட்டும் என்று அந்த இரண்டு கட்டத்திலும் டிக் போட்டவள் நான்தான். ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

8

போன ஞாயிறு நங்கையே கேட்டார்.

“அந்தப் போட்டி என்னாச்சு அம்முணி? ரிப்பன் வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“எங்க, காட்டு பாக்கலாம்.”

ரிப்பனைக் காட்டினேன். “இத யாரு கேட்டா? சேலையக் காட்டு” என்றார். மழுப்பியிருக்கலாம், மழுப்பி மழுப்பி அலுத்திருந்தது. விழாவின் வீடியோவை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி தெருவின் இணையப் பலகையில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை ஓடவிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன்.

முதலில், “அட, பரவால்லையே, முடிச்சு அப்படியே இருக்குது” என்றார். பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இது எந்தோளு.”

“ஆமாங்க நங்கை.”

“எல்லாத்துக்கும் எந்தோளா?”

“ஆமாங்க.”

“கைல என்னது அது? பச்சையா?”

“நான் குத்தலீங்க. வேற ஒருத்தரு.”

பன்னிரண்டு பேரும் வளைவில் திரும்பினார்கள். நங்கை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல உக்காந்துட்டு வர்றாளே, தொப்பி வெச்ச வெள்ளக்காரி, அது யாரு?”

யாரோ என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். வாய் வரவில்லை.

“நானுங்க.”

அந்தப் பக்கம் தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம் கேட்டது. நங்கை கோபமாகப் பேசவில்லை, கணக்குப் புரியாத பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

“அப்ப, நான் உன்னத் தூக்கீட்டுப் போறனா கண்ணு?”

நான் வீடியோவை நிறுத்தினேன்.

“எறக்கி உடு. எல்லாத்தையும் அழிச்சுப்போடு” என்றார். “அத்தை இருந்தா இன்னிக்கு...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனை வைத்துவிட்டார்.

அன்றே அழிக்க உட்கார்ந்தேன். பச்சைப் பட்டுப் பாவாடை, கச்சு, கடை, வீடு, மூன்று வருஷ மத்தியானங்கள், கடைசியாக மேடம் ஃப்ளோரா. நிச்சயம்தானா என்று ஒருமுறை கேட்டது, ஆம் என்றேன். சீமாட்டியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நாளைக்கு அவர் என் வாசலுக்கு வந்து தேடுவார், வெறும் மனைதான் இருக்கும். அதை நினைத்து நான் அழுதேன் என்பது எனக்கே பிடிக்கவில்லை.

மூன்று நாள் நங்கையிடமிருந்து அழைப்பு இல்லை. நானாகக் கூப்பிடவும் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் அவரே கூப்பிட்டார்.

“அழிச்சுப்போட்டியா?”

“அழிச்சுட்டனுங்க நங்கை.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தாங்க.”

“செரி உடு, போனது போச்சு. சாப்புட்டியா சாமி?” என்றார். குரல் பழையபடி இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தீர்ந்ததுபோல இருந்தது, வயிறாரச் சாப்பிட்டேன்.

இந்தப் பத்திரிகை மலைமேல் செம்மேட்டுக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். நான் சொன்னது பொய் நங்கை. என்னை மட்டும்தான் அழிக்க முடிந்தது. கொடுத்த பன்னிரண்டு சேலையும் அவர்களிடமே இருக்கின்றன, தெருப் பலகையில் பார்த்தேன், நேற்றும் யாரையோ உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள், உங்கள் தோளில்.